சின்ன ஹேட்ச்பேக் வாங்குவதும் அதன் பளபளப்பைக் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

என் முதல் கார் கருநீலம். வாங்கி இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி, பெட்ரோல் பங்கில் எல்இடி விளக்குக்கு நேர்கீழே நிறுத்தியபோதுதான் அதைக் கவனித்தேன். பானெட்டில் விளக்கின் பிம்பம் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்டவட்டமாக மின்னின. பகலில் கோடு தெரியாது; நிறம் சோர்ந்தாற்போல மட்டும் இருக்கும். வண்டி எங்கும் மோதியதில்லை, வெயிலில் அதிகம் நின்றதும் இல்லை. அடுத்த நாள் தெரிந்த பெயிண்டரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடிக் கெடலைங்க தம்பி, துடைச்சுத் துடைச்சுக் கெட்டிருக்குதுங்க" என்றார்.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாக ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போவார். மாதச் சம்பளம் கொடுத்து, வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். அந்தத் துணியில் ஒட்டிய மண்தான் எழுநூறு நாள் பெயிண்டைத் தேய்த்திருக்கிறது.

இப்போது வைத்திருப்பது ஐந்து வயதான இன்னொரு ஹேட்ச்பேக். அதே பங்கில் நிறுத்தினால் மேலே இருக்கும் குழல்விளக்கு பானெட்டில் கோடு போட்டதுபோல நேராகத் தெரிகிறது. இதற்கு நான் செலவழித்த பணம் குறைவு. எதைச் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். அதில் பாதி வேலை, வண்டி கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது. ஆகவே வாங்குவதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த வண்டி

நம் நாட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும், 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் அது வரிக் கணக்கில் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது. ஆல்டோ கே10, வேகன் ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ், க்விட், பலேனோ எல்லாம் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

இதில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால், வீட்டில் யார் யார் ஏறுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். முழங்கால் வலியுள்ள அம்மாவோ மாமியாரோ ஏறுவதாக இருந்தால் வேகன் ஆர் போன்ற உயரமான வண்டி. அதில் குனியாமல், சரிந்து விழாமல் நேராக உட்காரலாம். டிக்கியும் 341 லிட்டர், அந்த அளவு வண்டிக்குத் தாராளம். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் மோதல் சோதனை மதிப்பெண்ணைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். 2020-இல் குளோபல் என்கேப் சோதனையில் டியாகோ 4 நட்சத்திரமும் ஆல்ட்ரோஸ் 5 நட்சத்திரமும் வாங்கின. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் நடக்கிறது. வாங்கப்போகும் மாடலின் இன்றைய மதிப்பெண் என்ன என்று புக்கிங்குக்கு முன் பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் நேர் சாலையில் மட்டும் ஓட்டிப் பயனில்லை. உங்கள் வீட்டுச் சந்துக்குள் கொண்டுவந்து, நீங்கள் நிறுத்தும் இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் கதவு எவ்வளவு திறக்கிறது? சுவரில் இடிக்காமல் இறங்க முடிகிறதா? கதவு ஓரத்தில் பெயிண்ட் பெயர்வது பெரும்பாலும் வீட்டு பார்க்கிங்கில்தான். ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதி இல்லாமல் தானாகக் கியர் மாறும் வண்டி வாங்குவதாக இருந்தால், ஏற்றத்தில் நிறுத்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். வண்டி எவ்வளவு பின்னால் நகர்கிறது என்று தெரியும். எங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விலைத் தாளில் பார்க்க வேண்டியவை

எக்ஸ்ஷோரூம் விலைக்கு மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் வரும். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 15 சதவீதம் ஆகிவிடுவதால், உச்ச வேரியண்ட் மீது கண் வைத்திருப்பவர்கள் அந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும்.

தாளில் மீதி எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேளுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரி பேக், டெஃப்ளான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங் என்று இருக்கும். டெஃப்ளான் கோட்டிங்கை நான் எப்போதும் நீக்கச் சொல்லிவிடுவேன். அந்தப் பெயரில் பெயிண்டின் மேல் தேய்ப்பது சில மாதத்துக்குத் தாங்கும் ஒரு சீலன்ட், அதாவது பாதுகாப்புப் பூச்சுதான். அதே வகைச் சீலன்டை வீட்டிலேயே சில நூறு ரூபாயில் போடலாம். பணம்கூடப் பெரிதில்லை. அவசரத்தில், தூசி முழுதும் போகாத வண்டியின் மேல் மெஷின் வைத்துத் தேய்த்தால் புது வண்டியே கோடு விழுந்துதான் வீட்டுக்கு வரும். அதுதான் என் பயம்.

இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்து அந்தத் தொகையைக் காட்டினால் பெரும்பாலும் அவர்களே குறைப்பார்கள். புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அதுதான் விதி.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். நம் ஆட்கள் அந்த இரண்டு மாதமும் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள். ஷோரூமில் கூட்டம் இருக்காது, தள்ளுபடி இருக்கும், முக்கியமாக விற்பனையாளருக்கு உங்களோடு, புது வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டு வரை வர நேரம் இருக்கும். நாள் பார்க்கிறவர்களும் ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் டெலிவரி எடுக்கலாம். மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் வருவதால் அந்த வருடத் தயாரிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு அது லாபம்தான். மூன்றே வருடத்தில் விற்கிறவருக்கு, தயாரிப்பு வருடம் ஒன்று கூடித் தெரிவது நஷ்டம்.

நிறம்

கறுப்பும் கருநீலமும் அடர் சிவப்பும் கழுவிய ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு அழகு. அதற்கப்புறம் தூசி, தண்ணீர்த் திட்டு, மெல்லிய கோடு எல்லாமே தெரியும். வெள்ளையில் கோடு தெரியாது, வெயிலில் சூடும் குறைவாகவே ஏறும். சில்வரும் வெளிர் சாம்பலும்தான் எல்லாவற்றையும் மறைப்பவை. செம்மண் தூசிகூட இரண்டு நாள் கண்ணில் படாது. திறந்த வெளியில் நிறுத்துகிறவர், வாரம் ஒருமுறைகூடக் கழுவ நேரமில்லாதவர் இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். கருநீலத்தை மனதார விரும்புகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள், ஆனால் கீழே சொல்லும் கழுவும் முறையை விடாமல் பின்பற்ற வேண்டியிருக்கும்.

பதிவுக்கு முன் வண்டியைப் பார்ப்பது

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். முழுப் பணம் கட்டி, இன்ஷூரன்ஸ் போட்டு, நம்பர் விழுந்துவிட்டால் அது உங்கள் வண்டி. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கும் எந்தக் குறைக்கும் கிடைப்பது, "பாலிஷ் போட்டுத் தருகிறோம் சார்" என்ற பதில்தான். ஆகவே புக்கிங் செய்யும்போதே, சேசிஸ் நம்பர் ஒதுக்கியதும் வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லிவிடுங்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

பகலில் போங்கள். காலை பத்து மணி வெளிச்சம் சரியாக இருக்கும். மாலையில், அதுவும் மழையில் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். ஈரமான பெயிண்டில் எந்தக் கீறலும் தெரியாது. ஸ்டாக்யார்டில் வண்டி தூசியோடு நின்றால், துணியால் துடைக்க விடாமல் தண்ணீர் ஊற்றி அலசித் தானாகக் காய விடச் சொல்லுங்கள்.

முதலில் வயது. விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பொறித்திருப்பார்கள்: 2225 என்றால் 2025-இன் 22-ஆவது வாரம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே சமயத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் பெயிண்ட். மொபைல் டார்ச்சைப் போட்டு, பெயிண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்வாகப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வட்டக் கோடுகள் மொத்தமாகத் தெரிந்தால் யாரோ மெஷின் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் அல்லது அழுக்குத் துணியால் துடைத்திருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து, வண்டியின் பக்கவாட்டை முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே நேர்க்கோட்டில் பாருங்கள். எதிரே இருக்கும் கட்டடத்தின் பிம்பம் எந்தக் கதவிலாவது நெளிந்தால் அங்கே ஒடுக்கு எடுத்திருக்கிறார்கள் அல்லது மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பானெட்டைத் திறந்து, அதன் கீலிலும் ஃபென்டரிலும் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கிய பிறகுதான் பாடி பெயிண்டுக்குள் போகிறது, ஆகவே போல்ட் தலையின் மேலும் அதே நிறம் உடையாமல் படிந்திருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனையில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். கதவு ரப்பர் பீடிங்கை ஓரத்தில் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ரப்பரின் மேல் பெயிண்ட் தூசி பட்டிருந்தால் அது தொழிற்சாலையில் நடந்ததல்ல. பம்பர் மட்டும் நிறம் ஒரு சாயல் மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பிளாஸ்டிக், தனியாக, குறைந்த சூட்டில் பெயிண்ட் ஆகி வருவது.

தொழிற்சாலைப் பெயிண்டுக்காக ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அங்கே வெறும் பாடியாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். ஒயர், பிளாஸ்டிக், கண்ணாடி எல்லாம் மாட்டிய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பாடி ஷாப்பில் 60 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு கைதேர்ந்த பெயிண்டரானாலும் அந்த முதல் பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அது ஒருமுறைதான் கிடைக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரோடு ஒருவரை அழைத்துப் போங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 140 மைக்ரான் காட்டும். ஒரு கதவில் மட்டும் 250 வந்தால் மறுபடி அடித்தது. 500-க்கு மேல் போனால் உள்ளே பட்டி போட்டிருக்கிறது.

டெலிவரி நாள்

"வண்டியைக் கழுவித் தர வேண்டாம், தூசியோடு கொடுங்கள்" என்று முதல் நாளே சொல்லுங்கள். விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. டெலிவரி நாளின் அவசரக் கழுவலில்தான் புது வண்டிகள் முதல் கோட்டை வாங்கிக்கொள்கின்றன. ரிப்பனும் பூவும் ஒட்டுவதற்கு பெயிண்டில் செலோ டேப் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பிறகு பூஜை. எங்கள் பக்கம் புது வண்டி முதலில் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்; சென்னையில் பாடிகாட் முனீஸ்வரர். நானும் போனேன், போகாமல் வண்டி ஓட்ட மனம் வராது. ஆனால் சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வெயிலில் காய்ந்தால் கறை இறங்கிவிடும், காய்ந்ததைத் தேய்த்து எடுத்தால் கீறும். ஆகவே அர்ச்சகரிடம் பணிவாகச் சொல்லி, பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பதில்லை. மாலையில் கம்பி இருக்கிறதா என்று பார்த்து, வாழைநாரில் கட்டியதாக வாங்குங்கள். வீடு வந்ததும் மாலையை இழுக்காமல் தூக்கி எடுங்கள். ஆயுத பூஜைக்கும் இதேதான். சூடத்தட்டைப் பானெட்டின் மேல் வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

மேலே இருப்பது எவ்வளவு மெல்லியது

தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். நாம் பளபளப்பு என்று சொல்வது இந்தக் கடைசிப் படலத்தைத்தான். அது சுமார் 40 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. படலம் சமமாக இருக்கும்வரை ஒளி நேராகத் திரும்பி வரும். கோடு விழுந்தால் சிதறும். அந்தச் சிதறலைத்தான் "மங்கிவிட்டது" என்கிறோம்.

ஒருமுறை காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுப் பாலிஷ் செய்தால் இந்தப் படலத்தில் சில மைக்ரான் போய்விடும். வெயிலைத் தடுக்கும் சத்தும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. வருடா வருடம் தீபாவளிக்கு ரப்பிங் பாலிஷ் போடுகிற வண்டிகளில் ஆறேழு வருடத்தில் பானெட்டும் கூரையும் வெள்ளை வெள்ளையாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, கோடு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. விழுந்த பிறகு எடுப்பது கடன் வாங்குவது மாதிரி.

தண்ணீர்

கோயம்புத்தூர் வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும், நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் மற்றதற்கு. கார் கழுவுவது இந்த மற்றதில்தான் சேரும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், துளி காய்ந்ததும் வெள்ளை வளையமாகப் பெயிண்டில் உட்காரும். வெயில் பட்டால் கெட்டிப்படும்.

அதற்காகக் குடிதண்ணீரில் கார் கழுவச் சொல்லவில்லை. போர் தண்ணீரிலேயே கழுவி, கடைசியில் ஒரே ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக வழிய விடுங்கள், போதும். நான் அதற்கும் ஏசித் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு ஏறக்குறைய இருக்காது. இரண்டு ராத்திரியில் ஒரு வாளி சேர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வீடு கழுவ உதவட்டும், காருக்கு வேண்டாம்.

ஏற்கெனவே திட்டு விழுந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். நிழலில், பெயிண்ட் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கழுவும் முறை

தேவையான பொருள் கொஞ்சம்தான்: இரண்டு வாளி, கார் ஷாம்பு ஒரு பாட்டில், மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தடிமனான மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, சக்கரத்துக்குத் தனியாகப் பழைய பிரஷ்ஷும் துணியும். பனியன் வேஸ்ட் வேண்டாம். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் கிலோக் கணக்கில் கிடைக்கும், எஞ்சின் துடைக்க அருமையானது. ஆனால் அதன் தையல் ஓரமும் நைலான் நூலும் பெயிண்டில் கோடு இழுக்கும். மஞ்சள் துணிக்கும் இதே பதில். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம், அது மேலே போட்ட வேக்ஸையெல்லாம் எடுத்துவிடும்.

காலை ஏழரைக்கு முன், நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் சக்கரங்களை முடித்துவிடுங்கள். பிரேக் தூசிதான் வண்டியிலேயே கரடான அழுக்கு, அது கடைசியில் தெறிக்கக் கூடாது.

பிறகு ஹோஸால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, எதையும் தொடாமல் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் மட்டும். மண்ணில் பெரும்பகுதி இப்போதே இறங்கிவிட வேண்டும். ஹோஸ் இல்லாதவர்கள் மக்கில் மொண்டு ஊற்றலாம், நேரம்தான் கொஞ்சம் கூடும்.

ஒரு வாளியில் ஷாம்பு நுரை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை நுரையில் முக்கி, கூரையில் வைத்து, அதன் எடையே போதும் என்று அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி நுரைக்குப் போங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது, கழுவி முடித்து வெறும் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மணல். முன்பெல்லாம் அந்த மணல் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேற்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கையுறை கீழே விழுந்தால் அன்றைக்கு அதைத் திரும்பப் பெயிண்டில் வைக்காதீர்கள், வேறொன்று எடுங்கள். நுரை காயுமுன் அலசி, நல்ல தண்ணீர் வாளியை வழிய விட்டு, துண்டை விரித்துப் பெயிண்டின் மேல் போட்டு மெதுவாக இழுங்கள். துண்டு தானாகவே குடித்துக்கொள்ளும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிக் கழுவினால் போதும். நடுவில் தூசி படிந்தால் படிந்திருக்கட்டும். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு ஓட்டுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தட்டுவதைவிடக் கெடுதலான வேலை வேறில்லை. தினமும் துடைக்க ஆள் வைத்திருந்தால் அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். அதே சம்பளத்துக்கு வாரம் ஒருநாள் இந்த முறையில் கழுவச் சொல்லி, கையுறையும் இரண்டாவது வாளியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "வாஷ் வேண்டாம்" என்று எழுத வைத்துவிடுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியவை

காக்கை எச்சம் காத்திருக்காது. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயிண்ட் இளகி, எச்சம் காய்ந்து சுருங்கும்போது கிளியர் கோட்டில் அதன் அச்சு விழுந்துவிடும். மே மாதத்தில் ஒரு பகல் போதும். கதவுப் பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் வைத்திருங்கள். டிஷ்யூவை நனைத்து எச்சத்தின் மேல் போட்டு ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு தேய்க்காமல் கிள்ளி எடுப்பதுபோல எடுங்கள். ராத்திரிப் பயணத்தில் பம்பரில் ஒட்டும் பூச்சிகளுக்கும் இதே வழி.

மர நிழலைத் தேடி நிறுத்தும்போது மேலே பாருங்கள். சில மரங்களின் கீழே நிறுத்திய வண்டி பிசுபிசுவென்று ஆகிவிடும். பல நேரம் அது மரத்தின் பால் அல்ல, இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர். அன்றே கழுவினால் போய்விடும், ஒரு வாரம் விட்டால் கருப்பாகப் படியும். நாவல் மரத்தடி பழக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மேம்பால வேலை நடக்கும் இடத்தில் சிமெண்ட் நீர் சொட்டினால், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றுங்கள்.

கார் கவர் போடுகிறவர்கள் சுத்தமான வண்டிக்கு மட்டும் போடுங்கள். தூசி படிந்த வண்டியில் கவர் போட்டுக் காற்று அடித்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

வேக்ஸ், சீலன்ட், சிராமிக்

மூன்றுமே கிளியர் கோட்டின் மேல் போடும் இன்னொரு மெல்லிய படலம். மூன்றுமே கல்லடியைத் தாங்காது.

கார்னோபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது. பார்க்க அழகு, ஆனால் நம் வெயிலுக்கு ஒன்றரை மாதம் வந்தால் அதிகம். செயற்கைச் சீலன்ட் நான்கைந்து மாதம் தாங்கும், துடைத்து எடுப்பதும் எளிது. நான் வருடத்துக்கு மூன்று முறை அதைத்தான் போடுகிறேன். போடும் முன் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். ரவை தூவியதுபோல நெருடினால் முதலில் கிளே பார். நிறைய ஷாம்பு நீர் விட்டு, களிமண் போன்ற அந்தக் கட்டியை அழுத்தாமல் ஓட்டினால் ஒட்டியதெல்லாம் அதில் வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை போதும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய மண் இனிப் போகாது.

சிராமிக் கோட்டிங் நல்லதுதான், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கழுவுவது சுலபம். ஆனால் 9எச் என்று விளம்பரத்தில் சொல்வது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். அதை வைரம்போல என்று நினைத்து ஏமாறாதீர்கள். அழுக்குத் துணி அதையும் கீறும். அது போடும் முன் செய்யும் பாலிஷில்தான் முழு வேலையும் இருக்கிறது. புது வண்டிக்குப் போடுவதாக இருந்தால் காம்பவுண்ட் வேண்டாம், மெல்லிய பாலிஷ் மட்டும் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் ஒழுங்காகக் கழுவ நேரமிருக்கிறவருக்கு அந்தப் பணம் அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கீறல் விழுந்தால்

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் அது கிளியர் கோட்டில்தான் இருக்கிறது, கையால் மெல்லிய பாலிஷ் போட்டாலே மறையும். நகம் தடுத்து, உள்ளே சாம்பல் நிறமோ தகடோ தெரிந்தால் பாலிஷால் ஆகாது.

இன்ஷூரன்ஸுக்கு ஓடும் முன் கணக்குப் போடுங்கள். சின்ன காருக்கு முதல் 1000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதிதான் தருவார்கள், பெயிண்ட் பொருளிலும் பாதி கழிப்பார்கள். கிளெய்ம் போட்டுவிட்டால், 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். ஒரு பேனலுக்கு உள்ள கீறலுக்குப் பெரும்பாலும் கைக்காசே மலிவு.

கல்லடியில் பானெட்டில் விழும் சின்னப் புள்ளிகளை மழைக்காலத்துக்கு முன் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துரு உள்ளே போகும். வண்டியின் தகவல் பட்டையில் நிறக் குறியீடு இருக்கும். அதைச் சொன்னால் டச் அப் பாட்டில் தருவார்கள். புள்ளியைக் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தில் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு சொட்டு, பிறகு இன்னொன்று, சுற்றியுள்ள மட்டத்துக்கு வரும்வரை. கடைசியாகக் கிளியர் ஒரு சொட்டு. இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் சீலன்ட் போடலாம்.